சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

சுதீர் ஆங்கிலத்தில் மூன்றே வரி அனுப்பியிருந்தான். பழைய அக்கவுன்ட்டைப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மூடப்போகிறானாம். எனக்கு வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மூன்றாவது வரியில், ஆபீஸ் கடிதத்தின் முடிவில் போடுவதுபோல 'ரிகார்ட்ஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு ரிகார்ட்ஸ்! நேரில் பேசும்போது அவனை 'நீங்க' என்றுதான் சொல்வேன். மனசுக்குள் அவன் 'அவன்'தான், அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அந்த அக்கவுன்ட் எங்கள் மகள் அனன்யா பிறந்த வாரம் அவன் பெயரில் திறந்தது. என் போன், அவன் போன் இரண்டிலும் எடுத்த படமெல்லாம் தானாக அங்கே போய்விடும். போனில் இடம் இல்லையென்றால் போனிலிருந்து அழித்துவிடுவோம். எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது என்பான் சுதீர். மேலே என்றால் எங்கே, யார் கையில் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பதினோரு வருஷத்துப் படங்கள் அப்படி மேலே போய்விட்டன. அவள் முதல் பல், முதல் மழைக்கால இருமல், அல்சூர் ஏரிக்கரையில் வாத்தைப் பார்த்துப் பயந்து அழுதது, எல்லாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு ஜோகுபாளையத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்தபோது இரண்டு சூட்கேஸ் எடுத்து வந்தேன். மேலே இருந்ததை எடுத்து வரத் தோன்றவில்லை. என் போனில் இருந்தது கடைசி ஒரு வருஷம் மட்டும்தான்.

அதாவது புதன்கிழமை ஆறு மணி தாண்டினால், பத்து வயதுக்கு முந்தைய அனன்யா என் கையில் இல்லை. கோபத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் கேட்கலாம் என்று அம்மா சொன்னாள். கெஞ்ச மாட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை, நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் டென்சிலிடம் போய் நின்றேன். அவர் நிதானமான மனிதர். என் பழைய லேப்டாப்பில் அந்த அக்கவுன்ட் இன்னும் திறந்தேதான் இருந்தது. மொத்தத்தையும் கேட்டு அங்கிருந்தே அந்த அக்கவுன்ட் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். பெரிய பெரிய மூட்டைகளாகக் கட்டி, இறக்கிக்கொள்ள லிங்க் அனுப்புவார்களாம். லேப்டாப்பில் அவ்வளவுக்கு இடம் போதாது, ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி நேரே அதிலேயே இறக்குங்கள் என்றார். இறக்கியதும் திறந்து பார்க்க வேண்டும், பிறகு இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்து வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அன்றைக்கே விண்ணப்பம் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், மறுநாள் ஆயுத பூஜைக்கான கூட்டத்தில் சாமந்தி மாலைகளுக்கும் பூசணிக்காய்க் குவியலுக்கும் நடுவில் புகுந்து எஸ்.பி. ரோட்டுக்குப் போய் டிஸ்க் வாங்கி வந்தேன். கறுப்பாக, சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா சுந்தரமூர்த்தி, மாநிலப் பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருஷம். ஆபீஸில் டேப்பிலிருந்து ரோடு ரோலர் வரை ஒவ்வொன்றுக்கும் ஆயுத பூஜை அன்று தன் கையால் பொட்டு வைத்தவர். ரிட்டயர் ஆனபின் அந்தக் கை வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்கூட்டர் சாவி, அம்மாவின் மிக்ஸி, அரிவாள்மணை, அனன்யாவின் ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாம் வரிசையாகப் பூஜைப் பலகைக்கு வந்துவிடும். பூஜை முடிந்தால் மறுநாள் விஜயதசமி காலை மறுபூஜை செய்துதான் எதையும் எடுக்க வேண்டும். அதுவரை ஒரு பென்சிலைத் தொட்டாலும் முகம் சுருங்கும்.

புதன்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் பலகையில் என் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், பெட்டியைப் பிரித்து எடுத்த புது டிஸ்க். புதுப் பொருள், பூஜை செய்யாமல் எப்படித் தொடுவது என்று அவர் நினைப்பு. மூட்டைகள் எப்போது வரும் என்று தெரியாததால் நானும் சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்புதான்.

கற்பூரம் அணைந்து பொரி கடலையைக் கையில் வாங்கும்போது மணி ஒன்பதரை. என் போனில் அந்த அக்கவுன்ட்டுக்கு மெயில் வந்து விழுந்தது. ஏழு மூட்டைகள் தயார். எங்கள் வீட்டு இன்டர்நெட் வேகத்துக்கு எல்லாவற்றையும் இறக்க ஏழரை மணி நேரமாவது ஆகும் என்று டென்சில் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு இருந்ததோ எட்டரை மணி நேரம்.

நான் நேரே பலகைக்குப் போய் லேப்டாப்பின் மேலிருந்த சாமந்தியை எடுத்துக் கீழே வைத்தேன்.

"ஸ்வர்ணா, கைய எடு. நாளைக்குக் காலைல தான் எடுக்கணும்," என்றார் அப்பா.

"நாளைக்கு எடுத்தா அதுல வைக்க ஒண்ணும் இருக்காதுப்பா."

"போனா போகட்டும். பாதி போட்டோல அந்த ஆளு நிக்கறான். அத வெச்சிக்கினு என்ன பண்ணப் போற?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லாமலே இதே கேள்வியைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாழ்ந்த பன்னிரண்டு வருஷத்தையும் குப்பையில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

"மீதிப் பாதில நான் நிக்கறேன்பா. எம் பொண்ணு எல்லாத்துலயும் நிக்கறா. அவன் மூஞ்சி புடிக்கலன்னு அவ மூஞ்சிய அழிய விடமாட்டேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும், சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா என்னையும் அவர் போன திசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள்.

டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் திக்கென்றது. எந்தப் பொருளுக்கும் முகம் எது என்று பார்த்துப் பொட்டு வைப்பது அப்பாவின் வழக்கம். இந்தக் கறுப்புக் கட்டியில் முகம் என்று அவருக்குத் தெரிந்தது கேபிள் சொருகும் வாய். சந்தனத்தைக் குழைத்து அதற்குள்ளேயே அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தார்.

நான் அழவில்லை. அழுதால் பத்து நிமிஷம் போகும். பல்குத்தும் குச்சியால் சந்தனத்தை நோண்டி எடுத்தேன். அப்பா தினமும் இன்சுலின் போடுவதற்கு முன் துடைத்துக்கொள்ளும் ஸ்பிரிட் பஞ்சில் நாலு பாக்கெட் பிரித்து, அனன்யா ஒவ்வொன்றாக நீட்ட, நான் துடைத்தேன். காயவிட்டுச் சொருகினால் விளக்கு எரியவில்லை. மறுபடி துடைத்து, மறுபடி காயவிட்டு, கேபிளைத் திருப்பிச் சொருகியதும் சின்ன வெள்ளை விளக்கு மினுக்கியது. அனன்யா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

முதலில் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று டென்சில் தாளில் எழுதியிருந்தார். இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. காலி டிஸ்க்தான், இருந்தும் ஒரு நொடி என் விரல் நின்றது. பிறகு ஒரு பெயர் கேட்டது. அனன்யா தன் பெயரையே அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டபோது லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அதையும் அவளே போட்டாள். என்ன என்று என் காதில் மட்டும் சொன்னாள். யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, தன் அப்பா கேட்டால்கூட, என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நாலு மாதமாக சுதீர் அவளுக்குப் போன் செய்யவில்லை. எதுவாக இருந்தாலும் வக்கீல் மூலமாகப் பேசலாம் என்று எனக்குச் சொன்னதை அவன் மகளுக்கும் சேர்த்தே கடைப்பிடித்தான்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு முதல் மூட்டை இறங்கத் தொடங்கியது. ஒவ்வொன்று முடிந்ததும் பிரித்து, அங்கங்கே பத்துப் படமாவது திறந்து பார்த்தோம். திறந்தால் எல்லாம் வந்தது, நான் மறந்துவிட்டதும் வந்தது. அவன் சிரிக்கிற படங்களை மட்டும் தனியாக ஒதுக்கி அழித்துவிடலாமா என்று எனக்கும் ஒரு முறை தோன்றியது. பொய் சொல்வானேன், இரண்டு முறை. அடுத்து வந்த படத்தில் சுதீரின் அப்பா, பிறந்து இரண்டு நாளான அனன்யாவைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே கீழே போட்டுவிடுவோமோ என்று முழித்துக்கொண்டிருந்தார். அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நான் எதையும் அழிக்கவில்லை.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, இன்டர்நெட் பெட்டி செத்துவிட்டது. ஐந்தாவது மூட்டை பாதியில் நின்றது. நான் போனைத் தேடி எழுந்தபோது அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்டர்நெட் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, தன் கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டு கரண்ட் போனாலும் வேலை செய்யும் அந்த யூபிஎஸ் பிளக்கில் சொருகினார். லூசா இருக்கு, யாரும் ஆட்டாதீங்க என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விசிறியில்லாத அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். நின்ற மூட்டை விட்ட இடத்திலிருந்து மறுபடி இறங்கியது.

ஏழாவது மூட்டை ஐந்து மணி நாற்பத்தெட்டுக்கு முடிந்தது. அதையும் திறந்து பார்த்தோம். சரியாக ஆறு மணிக்கு லேப்டாப் திரை எங்களை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே வரப் பாஸ்வேர்ட் கேட்டது. சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்கிறவன் சுதீர், கல்யாணத்துக்கு மட்டும்தான் அது பொருந்தவில்லை. நான் சத்தமாகச் சிரித்தேன். மூடிக்கொள் என்று அந்தத் திரையிடமே சொன்னேன்.

சனிக்கிழமை இரண்டாவது டிஸ்க் வாங்கி இன்னொரு காப்பி எடுத்தோம். அனன்யா கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த டிஸ்க் டென்சிலின் பள்ளிக்கூட லாக்கருக்குப் போனது. சந்தனக் கறை போகாத முதல் டிஸ்க்கை அப்பாவே வாங்கித் தன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சுதீர் எனக்குப் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. நான் கேட்டு வாங்கிய ஏழு லிங்க்குகளும் அந்த அக்கவுன்ட்டுக்குத்தானே வந்தன, அவனும் பார்த்திருக்கிறான். மெனக்கெட வேண்டாம், தயாராகவே இருக்கிறது என்று அந்த மெயிலை அப்படியே தன் புது அக்கவுன்ட்டுக்கு அனுப்பி வைத்துக்கொண்டானாம். பிறகு பழையதை மூடிவிட்டான். அக்கவுன்ட்டோடு லிங்க்குகளும் போய்விட்டன. எங்கெங்கோ எழுதிக் கேட்டும் பயனில்லை. அவன் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் வருகிறது, அவன் அப்பாவின் கடைசி வருஷத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன என்றான்.

இந்தப் போனுக்காகத்தான் நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. ரிகார்ட்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கட் செய்திருந்தால் எவ்வளவு ருசியாக இருந்திருக்கும்!

"என்கிட்ட கேக்காதீங்க. டிஸ்க் அனன்யாது, பாஸ்வேர்டும் அவளோடது. அவகிட்ட கேளுங்க," என்றேன்.

மகளிடம் கேட்பதற்கு அவனுக்கு வக்கீல் கிடையாது. கடைசியில், போனை அவளிடம் கொடு என்றான்.

அனன்யா போனைக் காதில் வைத்து அவன் பேசி முடிக்கும்வரை கேட்டாள். சாரி என்று அவன் நாலைந்து முறை சொன்னது எனக்கே கேட்டது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தரேன்பா. ஆனா போஸ்ட்ல எல்லாம் அனுப்ப முடியாது. காலி டிஸ்க் எடுத்துக்கினு நீங்களே வரணும். காப்பி ஆக முழு நாள் ஆகும். நடுவுல எழுந்து போனா நின்னுடும், மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும். காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க."

அவள் நோட்டு மேஜைமேல்தான் இருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் கணக்கு டீச்சர். வாயைத் திறக்கவில்லை.