ரிசல்ட்டு சொல்ல ஆள் இல்லை

“ரிசல்ட்டு நம்ம கைக்கு வந்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சார் அவருக்குக் காலை எடுத்தாவ. அப்பவே ஒரு போன் போட்டிருந்தா கால் தப்பிச்சிருக்கும்.”

“மெதுவா பேசும்மா. ஊரு பூரா ரத்தம் எடுத்தோம். வீடு வீடாப் போயிச் சொல்லுததுக்கு ஆளு எங்கன இருக்கு? அது ஆராய்ச்சிக்கு எடுத்தது.”

“இப்ப அந்த அக்காவையே மேடை ஏத்தி நன்றி சொல்லச் சொல்லுதியளே?”

“எந்த அக்கா?”

“ஷமீம் பானு அக்கா. அவிய வீட்டுக்காரர்தான் மைதீன் அண்ணன்.”



“அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா? பொறவு என்ன?”

திட்டத்தைப் பார்வையிட வரும் குழுவுக்காக விழா ஏற்பாடு நடந்த சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவ வந்த ஷமீம் பானு, தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள். பேசியது நர்ஸ் ஜெயபிரியாவும், பல்கலைக்கழகத் திட்டத்துக்குப் பொறுப்பான ஜஸ்டினும்.

பண்பொழிப் பக்கம் உள்ள அந்த ஊரைப் பல்கலைக்கழகம் தத்தெடுத்தபோது, முதல் வேலையாக எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த மைதீனும் கொடுத்தார். முடிவு வரவில்லை. “கோளாறு இருந்தா சொல்லாமலா இருப்பாவ?” என்று நிம்மதியாக இருந்தார். செருப்புக் கடித்த புண் ஆறாமல் கறுத்த பிறகுதான் சுகர் என்று தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூட வெளியே வருவதில்லை. எல்லாம் நசீபு, விதி என்றுதான் ஷமீம் இத்தனை நாளும் மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெட்டிக்கடை தங்கபுஷ்பம் அவளைப் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, மொகம் ஏன் இப்படிக் கெடக்கு?”

ஷமீம் சொன்னாள். தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“படுபாவிப் பய. ஆனா இன்னைக்கு வேண்டாம்டி. திட்டத்தை நீட்டலாமா நிறுத்தலாமான்னு பாக்கத்தான் அந்தக் குழு வருது. நீ வாயைத் தொறந்தா வியாழக்கெழமை மருந்து வண்டி நின்னுரும். பிரஷர் மாத்திரைக்கு நான் எங்கன போவேன்?”

“நிக்கட்டும்.”

“ஒன் ஆத்திரத்துக்கு ஊரு சாவணுமா?”

“என் வீட்டுல காலு போச்சேக்கா. ஊரு என்ன செஞ்சுது?”

குற்றாலத்தில் தங்கியிருந்த குழு சாரலில் நனைந்துகொண்டே வந்து இறங்கியது. ஜஸ்டின் சிரித்த முகமாக மைக்கைக் கொடுத்தான். ஷமீம் வாங்கினாள்.

“எங்க ஊருக்கு டாக்டர்மாரு வந்தாவ. ரத்தம் எடுத்தாவ. அன்னைக்கு ரத்தம் கொடுத்தவங்க எல்லாம் கையைத் தூக்குங்க பாப்போம்.”

கூடம் முழுக்கக் கைகள். குழுவிலிருந்த அம்மா ஒருவர் சந்தோஷமாகப் படம் எடுத்தார்.

“ரிசல்ட்டு வராதவங்க கையை எறக்கிருங்க.”

ஒரு கைகூட மேலே நிற்கவில்லை.

“என் வீட்டுக்காரருக்கு சுகர் ஏறிக் கெடந்தது இவியளுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத்தான் தெரியல. சொல்லுததுக்கு ஆளு இல்லையாம். இந்தா நிக்காரே ஜஸ்டின் சார், இப்பந்தான் பின்னால சொன்னாரு.”

ஜஸ்டினுக்கு வேர்த்து வழிந்தது. ஷமீம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. குழு சாப்பிடாமலே கிளம்பியது. ஜஸ்டின் அவள் பின்னாலேயே வந்தான்.

“அக்கா, வேலை போயிரும்க்கா. எனக்கு ரெண்டு பிள்ளைய.”

“பிள்ளையளுக்கு ரெண்டு காலும் இருக்குல்லா? பொறவு என்ன?”

அவன் வேலை போனது. திட்டத்தை நீட்டவில்லை. மருந்து வண்டியும் வரவில்லை.

தங்கபுஷ்பம் இப்போது கடையைப் பூட்டிவிட்டு மாத்திரைக்காகத் தென்காசிக்குப் பஸ் ஏறுகிறாள். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் வைத்து, “இப்பம் திருப்தியாட்டி ஒனக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“திருப்திதான்க்கா,” என்றாள் ஷமீம். பொய் சொல்லவில்லை.

படித்தவர்கள் சும்மா போய்விடாதீர்கள். ஷமீம் அன்றைக்கு வாயை மூடியிருக்க வேண்டுமா? உங்கள் கையில் அந்த மைக் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மனதில் பட்டதைக் கீழே எழுதுங்கள்.