சொந்தப் பெரியப்பா

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழை பெய்த குஷியில் கத்திக் கெடுகிறது. உச்சாணி, கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக் கெட்டாள்.

உச்சாணி என்பது துறைமுகத்தில் அவளுக்கு வைத்த பெயர். கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற பெரிய கிரேனின் உச்சியில், காலடியில் கண்ணாடி பதித்த கூண்டில் உட்கார்ந்துதான் அவள் சம்பாதிக்கிறாள். கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் கப்பல் தெரியும், கடல் தெரியும், மேஸ்திரியின் வழுக்கை தெரியும். காற்று அடிக்கிற நாளில்கூட லாரிமேல் பெட்டி உட்காரும் சத்தம் கேட்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வருஷா வருஷம் நடக்கிற உடல் பரிசோதனைதான். ரத்தம், கண், காது, இதயம், எல்லாம் சுத்தம். கம்பெனி டாக்டரம்மா பேனாவை மூடப்போகிறவர் போல இருந்து, கடைசியாக ஒன்று கேட்டார்.

"குடும்பத்துல யாராவது அம்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்திருக்காங்களா?"

"மூணு பெரியப்பா இருந்தாங்க டாக்டர். மூணு பேரும் நெஞ்சடைச்சுத்தான் போனாங்க."

பேனா நின்றது. "சொந்தப் பெரியப்பாவா?"

"சொந்தம்தான் டாக்டர்."

"அப்பா?"

"அவர் ரோட்டுல வண்டி மோதிப் போயிட்டார். நான் அப்ப ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தேன். அவருக்கு நாப்பதுகூட ஆகல."

அப்பாவுக்கு அந்தக் கோளாறு இருந்ததா என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை என்பது டாக்டரம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. சில குடும்பங்களில் இது ரத்தத்தோடு வரும், பரிசோதனையில் பிடிபடாமலும் ஒளிந்திருக்கும் என்றார். "மேல நீங்க தனியா இருக்கீங்க. கீழ ஆளுங்க நடமாடறாங்க. குடும்ப விவரத்தை முழுசா எழுதிக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். அதுவரைக்கும் கிரேன் ஏறக்கூடாது.

தம்பி வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான். ஊரார் கொண்டுவரும் காகிதத்தில் ஒரு கையெழுத்து கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிற ஆள். குடும்ப மரம் போடுகிற மென்பொருள் ஒன்றை வாங்கி, ஒரு வருஷமாக அதில் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். உச்சாணி கேட்டதும் பூரித்துப் போய், அப்பா வழியை மட்டும் வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தான். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கீழே அண்ணன் தம்பிகள் வரிசையாகத் தொங்கினார்கள். அப்பாவுக்கு இடது பக்கம் மூன்று கட்டங்கள், மூன்றிலும் சீக்கிரமாக முடிந்துபோன வருஷங்கள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே வயித்துல பிறந்த நாலு பேர்ல மூணு பேரா? ஒருத்தர்னாலே யோசிப்பேன். இதுக்கு மேல என்னால உங்களை ஏத்திவிட முடியாதும்மா. அடுத்த வாரம் கிரேனுக்குத் தகுதியில்லன்னு எழுதித்தான் ஆகணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. அந்த வாரம் அவளைத் தலைக்கவசம் கொடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் தலையைப் பார்த்துப் பெரியது, சின்னது என்று எடுத்துக் கொடுக்கும் வேலை. ஜன்னல் வழியாக அவளுடைய கிரேனை வேறு ஒருவன் ஓட்டுவது தெரிந்தது. பெட்டியை லாரிமேல் தொப்பென்று போட்டான். அவளுக்குப் பல் கூசியது. ஆனால் பல்லைவிட நெஞ்சைப் பற்றித்தான் அதிகம் பயந்தாள். மாடிப்படி ஏறினால் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். வேகமாக அடித்தால் போச்சு என்று நினைத்தாள், மெதுவாக அடித்தாலும் போச்சு என்று நினைத்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பெரியப்பாக்கள் யாரும் ஐம்பதைப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள் என்று அக்காளும் தம்பியுமாக முடிவுகட்டினார்கள். பெற்றவளிடம் மறைத்தால் எப்படிச் சுற்றிவரும் என்று இரண்டு பேருக்கும் இத்தனை வயதிலும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக் கூடத்தில் அவன் கணினியைத் திறந்து வைத்திருந்தான். அம்மா ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருக்கா, இதுல நெருக்க வரிசைன்னு ஒண்ணு இருக்கு. உன் பேரை அழுத்தினா போதும். உனக்கு யாரு கிட்ட, யாரு தூரம்னு அதுவே அடுக்கிக் கொடுத்துடும்."

அழுத்தினான். முதல் வட்டத்தில் அம்மா, அப்பா, தம்பி. இரண்டாம் வட்டத்தில் பெரியப்பாக்கள் மூவரும் தோளோடு தோள் நின்றார்கள். கண்ணாடிப் பெரியப்பா, ரேடியோ பெரியப்பா, லாரிப் பெரியப்பா. உயிரோடு இருந்தபோது அவர்கள் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

"இதென்னடா, பாட்டி பேருக்குப் பக்கத்துல சிவப்பா ஒரு முக்கோணம்?"

"அது சும்மா. அப்பப்ப வரும், நான் மூடிவிட்டுடுவேன். மென்பொருளுக்கு நம்ம குடும்பம் பிடிபடல."

"என்னதான் சொல்லுது, படி."

வேண்டாவெறுப்பாகப் படித்தான். "இந்தத் தாயின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு இடையே நான்கு மாத இடைவெளி மட்டுமே உள்ளது. சரிபார்க்கவும்."

பூண்டு உரிக்கிற கை நின்றது.

"நாலு மாசமா? உங்க பாட்டி என்ன பூனையாடா?"

"கண்ணாடிப் பெரியப்பா சித்திரை, லாரிப் பெரியப்பா ஆவணி. நீதானேம்மா சொன்னே?"

"பிறந்த மாசம் கேட்டே, சொன்னேன். ஒரு வயித்துல பிறந்தாங்களான்னு கேட்டியா? உங்கப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருத்தர்தாண்டா."

உச்சாணிக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா கேட்டது, தான் சொன்னது, அந்தச் சொந்தம், தலைக்கவச அறை, அடுத்த வாரம். அம்மா அழவில்லை. இரண்டு பேரையும் கண்டபடி திட்டினாள்.

"சொந்தப் பெரியப்பாவான்னு கேட்டா, சொந்தம்தான்னு சொல்லுவியாடி? சொந்தம் வேற, சொந்தப் பெரியப்பா வேற. இது தெரியாமலா பெட்டி தூக்கறே?"

பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். வங்கியில் தம்பி அடுத்தவர்களை விசாரிக்கிற தோரணையில் அவள் அவனை விசாரித்தாள்.

"யாரு இது, ரேடியோவா? உங்க பாட்டியோட தங்கச்சி ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டா. அங்க இருந்த மூத்தாளோட பிள்ளை. தாயில்லாத பிள்ளைன்னு உங்க பாட்டி தூக்கிட்டு வந்து வளத்தாங்க. ஒரே தட்டுல சாப்பிட்டாங்க, ஒரே பாயில படுத்தாங்க. ரத்தம்னு பாத்தா பொட்டு கிடையாது. எடு அவரை."

தம்பி உறவை மாற்றினான். பட்டியல் ஒருமுறை சிமிட்டியது. ரேடியோ பெரியப்பா இரண்டாம் வட்டத்திலிருந்து எங்கோ கீழே போய் விழுந்தார்.

"லாரி உங்கப்பாகூட வேலை செஞ்சவர். தனிக்கட்டை. உங்கப்பா அவரை அண்ணன்னு கூப்பிட்டார், நீங்க பெரியப்பான்னீங்க. உங்கப்பா போனதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம வந்தார். அவரைப் போயி இவர் உங்களுக்கு யாருமில்லன்னு எந்த வாயால சொல்றது? அதான் சொல்லல."

தம்பி கையைப் பிசைந்தான். "எந்த முறைன்னு கேக்குதும்மா. என்ன போட?"

"ஒண்ணும் போடாதே."

ஒன்றும் போடவில்லை. லாரிப் பெரியப்பா மரத்தைவிட்டே கழன்று, உறவில்லாதவர்கள் என்ற தலைப்பின் கீழ்த் தனியாக நின்றார். உச்சாணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு சக்கர லாரியைப் பின்பக்கமாக ஓட்டி, இரண்டு சுவர்களுக்கு நடுவே நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வண்டி ஓட்டுகிற கை எங்கள் ரத்தத்தில் வருகிறது என்று துறைமுகத்தில் எத்தனையோ பேரிடம் பீற்றியிருக்கிறாள். இப்போது அந்த ரத்தம் இல்லை என்றதும் அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இருந்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டாள்.

ஆனால் கண்ணாடிப் பெரியப்பா இரண்டாம் வட்டத்திலிருந்து அசையவில்லை. அவர் சொந்தம் மட்டுமல்ல, சொந்தப் பெரியப்பாவும்தான்.

"ஒருத்தர் போதுமேம்மா" என்றாள் உச்சாணி. "ஒருத்தர்னாலே யோசிப்பேன்னு டாக்டர் சொன்னாங்களே."

அம்மா எழுந்து போய்ப் பூண்டை எடுத்தாள். உரித்ததையே மறுபடி உரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைச் சாத்து என்று தம்பியிடம் சொன்னாள்.

"உங்க பெரியம்மா இன்னும் உயிரோட இருக்கா. இது இந்த அறையைத் தாண்டக்கூடாது. அவர் நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லடி. சீட்டாடிச் செத்தார்."

"என்னது?"

"சீட்டை விட்டுட்டேன்னு பொண்டாட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தார். ஒருநாள் அடுத்த தெருவுல ஒரு மொட்டை மாடியில ஆட்டம். தேடிக்கிட்டு வந்த உங்க பெரியம்மா கீழ நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. இவர் பயந்துபோயி பின்பக்கமாக் குதிச்சார். அந்தப் பக்கம் ஓட்டுக்கூரை இருக்கும்னு நினைச்சிருப்பார் போல. அதைப் பிரிச்சு ஒரு வாரம் ஆகியிருந்தது."

அம்மா உரித்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"நான் கூப்பிட்டதாலதானே போனாருன்னு அவ தலையில தலையில அடிச்சுக்கிட்டா. அதனாலதான் நானும் உங்கப்பாவும் நெஞ்சு வலின்னு சொல்லிட்டோம். ஊரும் நம்பிச்சு. பிள்ளைங்களும் நம்பினாங்க. நாளாக ஆக அவளும் நம்பிட்டா. இத்தனை வருஷம் காப்பாத்தினேன். உனக்காக உடைக்கறேன்."

உச்சாணிக்குச் சிரிப்பு வந்தது. செத்துப்போன பெரியப்பாவை நினைத்துச் சிரிக்கலாமா என்று வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. தம்பிக்கும் தொற்றிக்கொண்டது. அம்மா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் எப்போது அழ ஆரம்பித்தோம் என்று உச்சாணிக்கே தெரியவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் வைத்திருந்த கையை அப்போதுதான் எடுத்தாள்.

மறுநாள் அம்மாவும் கூடவே கிளம்பினாள். டாக்டரம்மாவின் அறையில் நர்ஸை வெளியே அனுப்பச் சொல்லி, மேஜைமேல் குனிந்து, சீட்டாட்டக் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். ரேடியோவின் கதையையும் சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கியதில் மூக்கு நுனி சிவந்துவிட்டது. புதிதாக அச்சடித்த மரத்தைப் பழைய மரத்தோடு வைத்துப் பார்த்தார். பழையதில் ஒரு கட்டத்தின்மேல் விபத்து என்று எழுதினார், இன்னொன்றை அடித்தார்.

"இது கதையை மாத்திடுச்சும்மா. உங்க பரிசோதனையில ஏற்கெனவே ஒண்ணுமில்ல. இனி உங்களைப் பிடிச்சு வைக்க எனக்குக் காரணமும் இல்ல. நாளைக்கே ஏறுங்க."

உச்சாணி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு அது நிஜமாகவே முழங்காலிலிருந்து ஏறி வந்தது.

டாக்டரம்மாவின் பேனா மூன்றாவது கட்டத்தின்மேல் நின்றது. "இதுல ஒருத்தர் இருந்தாரே, லாரிப் பெரியப்பான்னு. புதுசுல காணோம். அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"ரத்தத்துல ஒண்ணுமில்ல டாக்டர், அடிச்சுடுங்க" என்றாள் உச்சாணி. "அதுக்கு மேல கேக்காதீங்க, அழுதுடுவேன்."