ரோட்டைத் தாண்டாத ஊர்

பன்னிரண்டு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர். தமிழ்ச்செல்வி கேமரா பதிவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். நாற்பத்திரண்டாவது ஆள் சாலைக்கு வரவே இல்லை.

அது அவளுடைய சொந்த ஊர். ராசிபுரம் பக்கத்தில் நாலுவழிச் சாலை அந்த ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வீடுகள் இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் அந்தப் பக்கம். போன தை மாதம் சித்தப்பா கண்ணுசாமி பால் கேனோடு அடிபட்டுச் செத்தது அங்கேதான். அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின், சாலை கடப்போரைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சிப் பட்டியலில் இந்த ஊரைச் சேர்க்க அவள் கெஞ்சிக் கூத்தாடியிருந்தாள். நிறையப் பேர் கடக்கிறார்கள் என்று தெரிந்தால் சுரங்கப்பாதை கட்டப் பரிந்துரை போகும். குறைவென்றால் நடுவில் வேலி போட்டு அடைக்கச் சொல்வார்கள். அறிக்கை நாளைக்குப் போயாக வேண்டும்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, போன புதன்கெழம நம்மூர்ல ஏன் நெறையப் பேரு ரோட்டத் தாண்டல?"

"எப்படித் தாண்டுவாங்க?" பூவாத்தாள் குரலில் பெருமை வழிந்தது. "கேமரா கட்டுனா ஃபைன் போடுவாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அதுவுமில்லாம, நம்ம புள்ள வேலைக்கு ஆரும் குறுக்க போவக் கூடாதுன்னு ஊடு ஊடாப் போயிச் சொல்லிட்டேன். சொன்னதக் கேட்ட அத்தன பேரும் பால் கேனத் தூக்கிட்டு தூரத்து மேம்பாலம் வரைக்கும் சுத்திப் போனாங்க சாமி."

தாய்ப்பாசம் இப்படியும் ஓர் ஊரைக் கவிழ்க்கும். பெற்றவளை எந்த வாயால் திட்டுவது?

ஆராய்ச்சிக்குத் தலைவரான பேராசிரியர் சந்திரசேகரிடம் ஓடினாள். அவர் கல்நெஞ்சர் இல்லை; அறிக்கைக்கான கெடுதான் அவர் கையில் இல்லை. "நாளைக்குக் காலைல ஆறுலருந்து பத்து வரைக்கும் திரும்ப எடும்மா. ஆனா ஆளக் கூட்டியாந்து நடக்கவிட்டாப் பதிவுல தெரிஞ்சுரும். அப்புறம் வேலின்னுதான் எழுதுவேன்" என்றார்.

அம்மாவிடம் மறுபடி பேசினாள். "ஃபைன் எல்லாம் இல்லீம்மா. நாளைக்கு எல்லாரும் எப்பவும்போலத் தாண்டச் சொல்லு. தாண்டுனாத்தான் சுரங்கப்பாத வரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கியிருக்கலாம்.

மறுநாள் விடியும்போதே ஊருக்கு வந்து சாலையோரம் நின்றாள். ஏழரை மணி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பால்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், தறிவேலைக்குப் போகிறவர்கள் என்று நூற்றறுபது பேர் கடந்தார்கள். அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு கணக்கு தாறுமாறாக ஏறியது. மஞ்சுளா அக்கா அதே புல்லுக்கட்டோடு மூன்றாவது முறை வந்தாள். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல் அந்தப் பக்கம் போவதும் இந்தப் பக்கம் வருவதுமாக நடந்தார்கள். லாரிகள் ஹாரனை அலறவிட்டு பிரேக் போட்டன. கம்பத்தின் மேலிருந்த கேமரா ஒவ்வொரு முகத்தையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

தமிழ்ச்செல்வி சாலை நடுவே ஓடிக் கையை ஆட்டினாள். "வேண்டாங்க, போதும். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க." லாரிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சிலர் அவளைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வேகமாக நடந்தார்கள்.

பூவாத்தாள் மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு, காலிப் பால் கேனோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"ஏழு தடவ ஆச்சு சாமி. இன்னும் எத்தன தடவ நடக்கோணும், சொல்லு. உஞ்சித்தப்பனுக்கு வந்த சாவு இனி ஆருக்கும் வரக் கூடாது."

மகள் வாயைத் திறப்பதற்குள் அவள் எட்டாவது தடவைக்குத் திரும்பிவிட்டாள்.