நாலாவது கேபிள்

மாமனார் ஓய்வு பெறும்வரை எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் ஆபீசில் இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் கண்ணில் பட்ட தராசையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன், ஸ்பீக்கர் கடைக்காரர் சொன்னதை மட்டும் தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கினார்.

ஹாலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அவை நிற்க சிமெண்ட் மேடை. அந்த மேடையைக் கொத்திப் பூசிய அன்றுதான் மருமகளுக்கு லேப்டாப்பில் முதல் இன்டர்வியூ இருந்தது. கேள்வி ஒன்றுகூடக் காதில் விழவில்லை, போயிற்று. இரண்டாவது இன்டர்வியூ அன்று புது ஸ்பீக்கரைப் பழக்கவேண்டும் என்று ஆறு மணி நேரம் விடாமல் இரைச்சலை ஓடவிட்டார். அதுவும் போயிற்று. இது மூன்றாவது. கரண்ட் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் என்ஜினியர் வேலை, சனிக்கிழமை பதினொரு மணிக்கு, லேப்டாப் வழியாக. அவள் எலெக்ட்ரிக்கல் படித்தவள். பிறந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். படித்த படிப்பு இரண்டு வருஷமாக மிக்ஸிக்கு ஃப்யூஸ் போடத்தான் உதவிக்கொண்டிருந்தது. வயது வரம்புப்படி அந்த வேலைக்கு விண்ணப்பிக்க இதுதான் கடைசி வருஷம்.

"சனிக்கிழமை பதினொண்ணா?" என்றார் மாமனார். "அன்னைக்குத்தானேம்மா கேபிள் தேர்வு!"

"பத்து நாளா சொல்லிட்டிருக்கேன் மாமா. அந்த வயரை சாயங்காலம் பாத்துக்கக் கூடாதா?"

"வயர்னு சொல்லாதே. வயர் இஸ்திரிப் பெட்டிக்கு. இது கேபிள். கேட்டுப் பாக்கக் கடைக்காரர் கொடுத்த அஞ்சையும் சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். பதினொரு மணிக்குத்தான் கரண்ட் சுத்தமா இருக்கும்."

"கரண்ட் என்ன குளிச்சுட்டா வருது?"

அவர் ஐந்து வெல்வெட் பைகளையும் திறந்தார். ஒன்று சாரைப்பாம்பு தடிமன். ஒன்று நாடா போலத் தட்டை. எல்லாவற்றிலும் அம்புக்குறி போட்டிருந்தது.

"அம்பு எதுக்கு மாமா?"

"கரண்ட் போற திசை. மாத்திப் போட்டா பாட்டு பின்பக்கமா போயிடும்."

"ஸ்பீக்கருக்குப் போறது செகண்டுக்கு நூறு தடவை, ஆயிரம் தடவை போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வரும் மாமா."

"திரும்பி வந்தா அது மட்டமான கேபிள். நீ படிச்சது பாடம்மா. இது காது."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. புருஷனிடம் சொன்னாள். அவன் வெளியூர் வேலையில் இருந்தபடியே, "அப்பாவுக்கு இருக்கிறது அந்த ஒரு ஆசை, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றான். அனுசரிப்பதற்கு மட்டும் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் தகுதியான ஆள்.

சனிக்கிழமை பத்தரைக்குக் கமிட்டி வந்து இறங்கியது. மாமியார் வைத்த பெயர் காதுக் கமிட்டி. மாமனாரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். வாழ்நாள் முழுக்கப் பல் குடையும் சத்தத்தில் நின்றவர். இன்னொருவர் ஆலையில் சங்கு ஊதியவர், அதனால் சங்குக்காரர். அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டும்.

வீட்டில் மின்விசிறி, ஃப்ரிட்ஜ், வைஃபை எல்லாம் நின்றன. அலைகள் கேபிளில் ஒட்டிக்கொள்ளுமாம். செல்போன்களை வாங்கி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினார் மாமனார். பீரோவைத் திருப்பித் தடுப்பு கட்டி, பின்னால் ஆம்ப்ளிஃபயரை வைத்தார். யார் கண்ணிலும் படாமல் கேபிளை மாற்றிவிட்டு எண்ணை மட்டும் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

"படிச்ச பொண்ணு, அவ மாத்தட்டும்," என்றார் பல் டாக்டர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அவள் தோளைப் பிடித்துப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஒரு முக்காலி. கவிழ்த்த வாளியின் மேல் லேப்டாப். மாமியார் இடுப்பிலிருந்து அவளுடைய செல்போனை எடுத்து நீட்டினாள்.

"டப்பால கிடக்கிறது என்னோட பழைய ரிமோட். இதுல நெட்டைப் போட்டுக்கிட்டு நீ உன் பரீட்சையை எழுதும்மா. ஃப்ரிட்ஜுல பால் திரியப் போகுது, எனக்கு இவங்க மேல ஒரு இரக்கமும் இல்ல."

மூன்று பேரும் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்கள். வயலின் கிளம்பியது.

"ஒண்ணு," என்றாள் மருமகள்.

"பேஸ் பத்தல, அடிநாதமே இல்ல," என்றார் பல் டாக்டர்.

கேபிளை மாற்றி, "ரெண்டு" என்றாள். அப்போது லேப்டாப்பில் இன்டர்வியூ எடுக்கும் அம்மாள் தெரிந்தார். அவள் அவசரமாக இயர்போனைச் செருகினாள். செருகிய கையோடு, கேபிளைத் தொடாமலேயே, "மூணு!" என்று கத்தினாள்.

"ஆஹா," என்றார் மாமனார். "இதுதான் கேபிள். திரை விலகின மாதிரி இல்ல?"

"எது விலகுச்சு?" என்றார் சங்குக்காரர்.

"திரை! திரை!"

"ஆமா, விலகிடுச்சு."

இயர்போனில் அந்த அம்மாள், "பின்னாடி யாரோ வயலின் வாசிக்கிறாங்க. நீங்க பேசறது ஒண்ணும் கேக்கல. நிறுத்த முடியாதுன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுக்கறோம்" என்றார்.

அவள் யோசிக்கவில்லை. கேபிளைப் பிடுங்கினாள். வேறெதையும் மாட்டவில்லை.

"நாலு," என்றாள்.

வீடு அப்படியே அடங்கியது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடித்தொண்டையில் பதில் சொன்னாள். ட்ரான்ஸ்ஃபார்மர் சூடானால் முதலில் எதைப் பார்ப்பாள், லோடை எந்த லைனுக்கு மாற்றுவாள், கம்பி அறுந்து விழுந்தால் யாருக்கு முதலில் போன் செய்வாள் எல்லாம் சொன்னாள். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது மளமளவென்று வந்தது.

சோபாவில் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். கடைசியில் பல் டாக்டர் கிசுகிசுத்தார்.

"சார், என்ன ஒரு அமைதி! கேட்டீங்களா?"

"கேட்டேன். வயலினை எங்கியோ கொண்டுபோய் வச்சிடுச்சு," என்றார் மாமனார்.

"பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் வருது சார். இருபது வருஷமா இதே பாட்டைக் கேக்கறேன். இந்தக் குரலைக் கேட்டதே இல்ல."

"எனக்கே கேக்குதுய்யா!" என்றார் சங்குக்காரர். துண்டுக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

இயர்போனில் அந்த அம்மாள் கடைசிக் கேள்வி கேட்டார். "லைன்ல கோளாறே இல்ல, ஆனா வீட்டுக்காரர் இருக்குன்னு அடம் பிடிக்கிறார். என்ன செய்வீங்க?"

"மீட்டரை அவர் கையிலேயே கொடுத்துப் பாக்கச் சொல்லுவேன் மேடம். அப்பவும் நம்பலைன்னா அவர் நம்பறதை நம்பட்டும்னு விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன். லைனைச் சரி பண்ணத்தான் சம்பளம், ஆளைச் சரி பண்ண இல்ல."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

பேசி முடித்து அவள் வெளியே வந்தபோது மூவரும் துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள்.

"நாலாவதுதான்," என்றார் மாமனார், தழுதழுத்த குரலில். "எந்தக் கேபிள்மா அது?"

"எதுவுமே இல்ல மாமா. பிடுங்கிட்டேன். நீங்க கேட்டது என் இன்டர்வியூவை."

மாமனார் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் சங்குக்காரரைப் பார்த்தார்.

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!" என்றார் மாமனார். "கேபிள் இருக்கறதே தெரியல."

"இல்லாததால தெரியல மாமா!"

"அம்மாடி, அதெல்லாம் நுணுக்கமான விஷயம். உனக்குப் புரியாது."

ஐந்து பைகளும் அன்று மாலையே கடைக்குப் போயின.

அவளுக்கு வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் கண்ட்ரோல் ரூம், இரண்டு நாள் வீட்டிலிருந்து. வீட்டில் உட்கார இடம் பீரோவுக்குப் பின்னால்தான். பீரோவை அங்கிருந்து நகர்த்தக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் சரியாகப் பதினொரு மணிக்கு மூன்று பேரும் துண்டைக் கட்டிக்கொண்டு கேபிள் இல்லாத ஸ்பீக்கர் முன்னால் உட்காருவார்கள். அவள் லைன்மேன்களிடம் பேசுவாள். "ஏழாம் நம்பர் லைன் ட்ரிப் ஆயிடுச்சு, ஆளை அனுப்புங்க" என்றால் சோபாவில் யாராவது "அடடா" என்பார்கள்.

ஒருநாள் அவள் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது மாமியார் பீரோவைச் சுற்றித் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, இன்னைக்கு பேஸ் பத்தலையாம். யாரையாவது கொஞ்சம் திட்டேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். யாரைத் திட்டுவது என்று யோசிக்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.