அப்படி யாரும் இங்கே இல்லை

சோதனைக்கு வந்த ஒகிட்சு, கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தோஷியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிஜக் கல்லறை இல்லை. அவள் எழுதிய வீடியோ கேமில், பேய்க்குப் பயந்து எல்லோரும் ஓடிக் கடக்கிற மூலை. இந்த மனுஷர் மட்டும் ஆற அமர ஒவ்வொரு கல்லாக நின்று படித்தார்.

ஒசாகாவில் ஒகோனோமியாக்கி என்கிற முட்டைகோஸ் அடை சுடும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தின் பிழைப்பே அடுத்தவர் பெயரில் கேம் செய்து கொடுப்பதுதான். கேம் பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். செய்தவர்களின் பெயர் எங்கேயும் வரக்கூடாது. வந்தால் ஒப்பந்தம் ரத்து, முதலாளி குராமோச்சி கதவைச் சாத்த வேண்டியதுதான். வெளியாட்களிடம் இவர்கள் நீட்டுகிற விசிட்டிங் கார்டில்கூட இரவல் பெயர்தான். பெரிய கம்பெனியின் சோதனை அதிகாரி ஒகிட்சுவுக்கு அவளை சுகாயா என்றுதான் தெரியும்.

தோயாமாவில் இருக்கும் அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கெஞ்சி கடைசியில் செய்தவர்கள் பெயர் வருமே என்று ஒவ்வொரு கேமையும் முடிவுவரை ஆடச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு போனில், உன் பேர் எங்கேடி, நிஜமாகவே அங்கேதான் வேலை பார்க்கிறாயா என்பாள். அந்தக் கேள்வி தாங்காமல்தான் தோஷியே அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் தன் பெயரைச் செதுக்கிவிட்டாள்.

ஒகிட்சு அந்தக் கல் முன்னால் நின்றார்.

"நிஷிவாகி தோஷியே. யார் இது?"

குராமோச்சியின் கழுத்து சிவந்தது. அவருக்கும் இப்போதுதான் தெரியும். கதைக்காகச் சும்மா வைத்த பெயர் என்று சமாளித்தார். ஒகிட்சு அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சுகாயா, நீங்க சொல்லுங்க. இந்தப் பேர்ல இங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க சார்."

அந்த நேரம் பார்த்து அவள் மேஜை போன் அடித்தது. மத்தியானம் கூப்பிடுவது அம்மாதான். காது மந்தம், ஊருக்கே கேட்கப் பேசுவாள். ஒகிட்சு பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்காமல் இருக்க வழியில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தோஷியேவா?"

"அப்படி யாரும் இங்க இல்லைங்க," என்றாள் சத்தமாக. "தப்பான நம்பர்."

அம்மா மறுபடி கேட்பதற்குள் தோஷியே போனை வைத்தாள்.

ஒகிட்சு மிச்சக் கல்லறைகளையும் பார்த்து முடித்து, பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதி, ஒப்புதல் தாளில் அழுத்திவிட்டுக் கிளம்பினார். படியில் அவர் காலடி ஓய்ந்த பிறகுதான் குராமோச்சி வாயைத் திறந்தார்.

"முத்திரை விழுந்தாச்சு. இனி ஒரு எழுத்தைத் தொட்டாலும் அந்த ஆள் திரும்ப வருவான். கிடக்கட்டும்." போகிறபோக்கில் நின்றார். "பாவி, போட்டதுதான் போட்ட, என் பேரையும் ஒரு கல்லுல போட்டிருக்கலாம்ல?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயர் ஒரு கேமில் வரப்போகிறது. அதை முதலில் கேட்க வேண்டியவள் ஒருத்திதான். அவசரமாகத் தோயாமாவுக்குச் சுழற்றினாள்.

"அம்மா, நான்தான் தோஷியே. என் பேர் வந்துடுச்சும்மா."



"எனக்கு அந்தப் பேர்ல யாரும் இல்லையேம்மா," என்றாள் அம்மா, வழக்கத்துக்கு மாறாக மெதுவாக. "தப்பான நம்பர்."