திருப்பி அனுப்பிய வண்டி

அந்தக் குடியிருப்பில் ஒரு தக்காளி வேண்டுமென்றால்கூட இரண்டு பஸ் மாறித்தான் வாங்கி வரவேண்டும். தெருமுனைப் பெட்டிக்கடையில் சிப்ஸும் குளிர்பானமும்தான் கிடைக்கும். அதனால், பூட்டிக் கிடந்த பழைய கிடங்கைப் புதுப்பித்து ஒரு பெரிய நிறுவனம் மளிகைக் கடை திறந்தபோது சனம் திரண்டு வந்தது. அதே குடியிருப்பின் நாலாவது மாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளையே மேலாளராகப் போட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. கூட்டம் மெல்லக் கரைந்து, காய்கறிப் பக்கம் ஈ ஓட்டும் நிலைமை வந்தது.

ஒரு மாலை வீடு திரும்பியவள், மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். இரண்டு கையிலும் பைகள். அதே நிறுவனத்தின் பெயர் போட்ட பைகள். ஆனால் ஊருக்கு நடுவில் இருக்கிற கிளையில் வாங்கியவை.

"நம்ம கடையைத் தாண்டித்தானே பஸ்ஸுக்குப் போன? ஒரு எட்டு உள்ள வரக்கூடாதா?"

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி." நாத்தனார் பையிலிருந்து ஒரு கீரைக்கட்டை உருவிக் காட்டினாள். "இதுவும் உங்க கம்பெனி கீரைதான். உங்க கடையில இருக்கறதை நீங்க வீட்டுல சமைப்பீங்களா?"

நிறுவனத்தின் சரக்கு வண்டி மற்ற கிளைகளிலெல்லாம் நல்லதை இறக்கிவிட்டு, அங்கே கழித்துப்போட்ட மிச்சத்தோடு கடைசியாகத்தான் இங்கே வருகிறது. அது அவளுக்குத் தெரியும். ஒன்றுமில்லாததற்கு இதாவது வருகிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளே கடையின் பின்வாசலில் நின்று கூடைகளைத் திறந்து பார்த்தாள். கேரட் ரப்பர் மாதிரி வளைந்தது. தக்காளியில் பாதி தண்ணீர் விட்டிருந்தது.

"எதையும் இறக்காதீங்க. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க மேடம்," என்றார் ஓட்டுநர்.

"கையெழுத்து நான்தான் போடறேன். உலை வச்சா எனக்குத்தான்."

வண்டி போன கொஞ்ச நேரத்தில் வட்டார அதிகாரி போனில் வந்தார். "அந்த ஏரியாவுக்கு இது போதும்மா. அங்க விக்கிறதே கஷ்டம்."

"இதை அனுப்பறதாலதான் சார் விக்கல. நானும் அந்த ஏரியாதான்."

அவரை எதிர்த்து அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுமுனையில் அவர் விற்பனைக் கணக்கைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, வண்டியை முதல்ல உங்ககிட்ட அனுப்பறேன். ஒரு மாசம் பார்ப்பேன். சரக்கு வீணாப் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

அன்று முழுக்கக் காய்கறி அடுக்குகள் காலியாகக் கிடந்தன. கேட்டவர்களிடமெல்லாம், "நல்லா இல்ல, திருப்பி அனுப்பிட்டேன்," என்று உள்ளதைச் சொன்னாள். சேதி மாடிக்கு மாடி ஏறிப் போனது.

மறுநாள் விடிந்ததும் வண்டி வந்தது. கடை திறந்த கையோடு நாத்தனாரும் வந்தாள். தக்காளியை அழுத்திப் பார்த்தாள், முகர்ந்தாள், அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

"மேலாக்க மட்டும் நல்லதா அடுக்கி வைக்கலையே?"

"வேணும்னா கொட்டிப் பாரு."

கூடை நிறைந்தது. பில் போடும் இடத்தில் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "வெங்காயம் விலை கூட இருக்கே. சொந்தக்காரிக்குக் குறைக்கக்கூடாதா?"

"சொந்தக்காரிக்கு மாடி வரைக்கும் பையைத் தூக்கிட்டு வரேன். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கூட்டம் ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. ஒவ்வொரு வீடாகத்தான் வந்தது. மாதம் முடிந்தும் அதிகாரியிடமிருந்து பாராட்டு எதுவும் வரவில்லை. வண்டி மட்டும் விடியற்காலையில் தவறாமல் வந்தது.