தெள்ளுப்பூச்சி கடிக்காத மனிதர்

மன உறுதி உள்ளவனைத் தெள்ளுப்பூச்சி கடிக்காது. இதுவரை கடித்ததாக வரலாறு இல்லை. இனியும் கடிக்கப் போவதில்லை.

இந்த உண்மையைப் பேருந்து நிலைய அறிவிப்பாளர் ஒரு காலையில், இடது கணுக்காலை வலது குதிகாலால் தேய்த்துக்கொண்டே வெளியிட்டார். வெளியிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் எதையும் சும்மா சொல்கிற ஆள் இல்லை. இளவயதிலிருந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து பேருந்துகளை வழியனுப்பியவர். வீட்டில் அவர் உப்பு கேட்டால்கூட, எந்த நடைமேடையில் என்று எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

"அப்ப கால்ல இருக்கறது என்னங்க?" என்றாள் மனைவி.

"கொசு."

"கொசு வரிசையா கோலி உருட்டின மாதிரி கடிச்சுட்டுக் குதிச்சு ஓடுமா?"

"அது உறுதியான கொசு."

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பிழைப்பவள். குடும்பமும் ஏறக்குறைய அதே ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடிக்குக் காரணம் யார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பயிற்சிக் காரின் பானெட்டுக்குள் ஒருநாள் கிடைத்த சாம்பல் நிறப் பூனை அந்த வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. எந்த வேலையும் செய்யாது. யார் வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குறை கண்டுபிடிக்கிற முகத்தோடு பார்க்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். சில வாரங்களாக மேனேஜர் பார்வையிடுவதைப் பாதியில் நிறுத்தி நிறுத்திச் சொறிந்துகொண்டிருந்தது.

மனைவி அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனாள். மருத்துவர் பூனையின் பிடரி மயிரை விலக்கி ஒரு சொட்டு மருந்தை விட்டுவிட்டு, நாய்க்கு வாங்கிய மருந்தை இதற்குப் போட்டால் பூனை செத்துப்போகும் என்று எச்சரித்தார். பிறகு சொன்னதைத்தான் மனைவி வீட்டுக்கு வந்து ஒப்பித்தாள்.

"பூனை மேல இருக்கறது கொஞ்சம்தானாம். மீதியெல்லாம் தரை இடுக்குல, சோபா மடிப்புல, முட்டையாவும் புழுவாவும் கூடாவும் இருக்குமாம். கூட்டுக்குள்ள இருக்கறதுக்கு எந்த மருந்தும் ஏறாது. ஆள் நடக்கற அதிர்வு தெரிஞ்சாதான் வெளிய வரும். அதனால வீட்டுக்குள்ள நல்லா நடக்கணும், தினம் வேக்குவம் போடணும், துணியெல்லாம் வெந்நீர்ல துவைக்கணும்."

"அதாவது, எதிரியைக் கூப்பிட்டு, எழுப்பி, நம்ம காலையே நீட்டணும்."

"வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு நீட்டணும். அப்பதான் ஏறினது தெரியும்."

அன்றைக்கே அவள் முழங்கால் வரை வெள்ளை சாக்ஸை இழுத்துவிட்டு, ஒரு கையில் செலோ டேப்பும் மறு கையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமுமாகச் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தாள். வெள்ளையில் கருப்பாக ஏதாவது துள்ளினால் டேப்பால் ஒரு ஒத்து, கிண்ணத்தில் ஒரு முக்கு. சாதாரணத் தண்ணீரில் மிதக்கிற அந்த ஜந்து சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும்.

அறிவிப்பாளர் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"சமையலறையிலிருந்து படுக்கையறை வரை செல்லும் சாக்ஸ் பவனி, இன்னும் சற்று நேரத்தில் சோபாவின் பின்புறம் வந்து சேரும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் மட்டும் பார்த்தது.

இதற்கிடையில் மாடியிலிருந்து மாடியம்மா இறங்கி வந்தார். வீட்டுச் சொந்தக்காரர். ஏறினாலும் இறங்கினாலும் படிக்கட்டுக்கு வலிக்கிற மாதிரி நடப்பவர். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன? பூனையை விட்டுடுங்க. இல்லேன்னா வீட்டை விட்டுடுங்க."

"அடுத்த வாரம் வாங்க" என்றார் அறிவிப்பாளர். "பூச்சிங்கற பேச்சே இருக்காது."

அவருடைய திட்டம் எளிமையானது, அதனாலேயே மகத்தானது. முற்றுகை. மறுநாள் மனைவி வகுப்புக்குப் போன நேரத்தில் வீடு முழுவதும் மருந்தடித்து, ஜன்னலை அடைத்து, கதவைப் பூட்டினார். அவள் திரும்பி வந்தபோது பெட்டியோடும் கூடைக்குள் மேனேஜரோடும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வாரம் உன் தம்பி வீட்டுல இருக்கோம். உள்ள இருக்கறதுங்க பட்டினி கிடந்து சாகட்டும்."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா இருக்கே."

"கொளுத்தல. பூட்டியிருக்கேன்."

மருந்து நெடியில் அன்றைக்குத் திரும்ப நுழைய முடியாது. அவளுடைய பிரேக் எட்டாத தூரத்தில் வண்டி போய்விட்டது.

மைத்துனன் வீட்டில் அவர் தினமும் களநிலவரம் சொன்னார். முதலில் பசி வருமாம், அப்புறம் கலகமாம், கடைசியில் சரணடைவதாம். மைத்துனன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "எல்லாம் சரி மாமா, அதுங்க எப்ப சரணடையும்னு சொல்றீங்க, நாங்க எப்ப நிம்மதியா இருக்கறது?" என்றான்.

வாரம் முடிந்து வீட்டைத் திறக்கிற நாளில், முதல் அடி வைக்கிற மரியாதையை மாடியம்மாவுக்கே கொடுத்தார் அறிவிப்பாளர். மனைவி எவ்வளவோ கண்ணைக் காட்டினாள். அவர் கதவை அகலமாகத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீங்களே பாருங்க. காத்துகூடச் சுத்தம்."

மாடியம்மா உள்ளே நடந்தார். தம், தம், தம். மருந்து எட்டாத கூடுகளுக்குள், ஆள் அரவமே இல்லாத வீட்டில், ஒரு வாரமாகச் சுருண்டு கிடந்தவை காத்திருந்தது இந்த ஓசைக்குத்தான். பட்டினி கிடந்தவன் காதில் சாப்பாட்டு மணி விழுந்தால் எப்படிப் புறப்படுவானோ அப்படிப் புறப்பட்டன. நடுக்கூடத்தில் நின்ற மாடியம்மா கீழே குனிந்தார். இரண்டு கணுக்காலிலும் மிளகுத்தூளைத் தூவினாற்போல இருந்தது. தூவிய மிளகு நடந்தது.

"கொசு போல" என்றார் அறிவிப்பாளர்.

"தம்பி, நான் கொசுவையும் பாத்திருக்கேன், உங்களையும் பாத்திருக்கேன்." மாடியம்மா காலை உதறிக்கொண்டே வாசலுக்கு வந்தார். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். வெறுங்காலோட எல்லா இடத்துலயும் நிப்பேன். ஒண்ணு ஏறினாலும் பூனை வெளிய. பூனை போகாதுன்னா நீங்க எல்லாரும் வெளிய."

மனைவி கூடையைக் கீழே வைத்தாள். "வாங்க. ஒரு இடம் விடாம நில்லுங்க. பூனையும் இங்கதான் இருக்கும், நாங்களும் இங்கதான் இருப்போம்."

"பாப்போம்."

"பாருங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் போர் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. செய்தார்கள். அதாவது, மனைவி செய்தாள். காரைச் சுத்தம் செய்கிற வேக்குவம் மெஷினைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி வந்து, சோபாவின் மடிப்பு மடிப்பாக உறிஞ்சினாள். பையில் சேர்ந்த தூசியை இறுக்கிக் கட்டித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். போர்வை, தலையணை உறை, மேனேஜர் படுக்கும் பழைய துண்டு எல்லாம் வெந்நீரில் விழுந்தன. பேன்சீப்பால் மேனேஜரை வாலிலிருந்து கழுத்துவரை வாரினாள். தனக்கு மேலே ஒரு அதிகாரி இருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல அது விறைத்து நிற்கும். இவ்வளவுக்கும் நடுவே, காலையும் மாலையும் சாக்ஸ் பவனி.

"உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள்.

"நான் சாகற வரைக்கும் பூச்சிக்காக சாக்ஸ் போட மாட்டேன். எழுதி வெச்சுக்க."

கூடத்தை ஒட்டி அறிவிப்பாளருக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு மேசை, ஒரு மெத்தை வைத்த நாற்காலி, குவிந்து கிடக்கும் பழைய கால அட்டவணைகள். வேக்குவம் அந்த வாசலுக்கு வந்தபோது அவர் கதவை மறித்து நின்றார்.

"இங்க பூச்சி கிடையாது. நான் உட்கார்ற இடம். இருந்தா எனக்குத் தெரியாதா?"

"தொறங்க, பாத்துடலாம்."

"இது கொள்கை."

"கொள்கைக்கு ஆறு கால் இருக்கும் போல."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கொள்கை என்பது பாதி உண்மை. மீதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காலைப் பணி முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது மனைவி வகுப்பில் இருப்பாள். அந்த நேரத்தில் மேனேஜர் அந்த அறைக் கதவைக் காலால் தட்டும். அவர் திறப்பார். "வாங்க சார்" என்பார். ஊர் முன்னால் 'உன் பூனை' என்று மனைவியிடம் பேசுகிறவர், உள்ளே அதை மடியில் போட்டுக்கொண்டு, அன்றைக்குத் தாமதமான பேருந்துகளின் காரணங்களை ஒவ்வொன்றாக அதன் காதில் சொல்வார். உலகத்தில் அவர் மெல்லிய குரலில் பேசுவது அந்த ஒரு இடத்தில்தான். வேக்குவம் நுழைந்தால் நாற்காலி மெத்தை முழுக்கச் சாம்பல் மயிர் என்பது வெளியே வந்துவிடும்.

இப்படியாக ஒரு நாள், மைக் திறந்திருந்த நேரத்தில், அவருடைய காற்சட்டைக்குள் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு பயணி ஏறிக்கொண்டது.

"பயணிகள் கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்பட இருக்கும்... ஐயோ சனியனே... எங்க போற..."

நிலையமே அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. அவர் வெளியே வந்தபோது பழக்கடைக்காரர் பணிவாகக் கேட்டார்: "அண்ணே, சனியன் எந்த நடைமேடைல நிக்குது? ஏறணும்."

"மைக்குல கோளாறு" என்றார் அறிவிப்பாளர். மீசையில் மண் ஒட்டவில்லை. தொடையில்தான் தடித்திருந்தது.

வீட்டில் மனைவி குழம்பிப் போயிருந்தாள். கூடம் இரண்டு நாள் சுத்தமாக இருக்கும். மூன்றாவது நாள் சாக்ஸில் புதிதாக ஒன்று துள்ளும். "எங்கிருந்தோ வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு மூடிய கதவைப் பார்த்தாள். அவர் தன் நகங்களை ஆராய்ந்தார். அவள் ஒரு பழைய துண்டை நனைத்து முறுக்கி, அந்தக் கதவின் அடியிடுக்கை அடைத்தாள். காலடிப் பிரேக்கை அவள் எவ்வளவு மெதுவாக அழுத்துவாள் என்பது அவளிடம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடியம்மாவும் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, சொன்னபடி வெறுங்காலோடு கூடத்தில் நின்றார். சோபாவின் பின்னால் நின்றார். சமையலறையில் நின்றார். படுக்கையறையில் கட்டிலுக்கடியில் காலை நீட்டி, வேண்டுமென்றே தம் தம் என்று தட்டினார். குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"சரி" என்றார் மாடியம்மா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "அந்த ரூம்?"

அது மேனேஜர் வழக்கமாக அந்த அறைக்குப் போகிற நேரம். யாரும் கூப்பிடாமல் அது கூடத்தைக் கடந்து போய், முறுக்கிய துண்டின் மேல் ஏறி நின்று, முன்னங்காலால் கதவைத் தட்டியது. திரும்பி அறிவிப்பாளரைப் பார்த்தது. திறக்கிற ஆள் யார் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

மனைவியும் அவரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது.

சாவி தொலைந்துவிட்டது என்ற பதில் அவர் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்வது அவருக்குத் தொழில். சாலைப்பணி, மழை, டயர், டிரைவர், எத்தனையோ இருக்கின்றன. மேனேஜர் மறுபடி தட்டியது.

"அந்த அறை தாமதம்" என்றார்.

"என்ன தாமதம்?"

"என்னாலதான். உள்ள பூச்சி இருக்கு. இவளை உள்ள விடல." குரலில் ஒலிபெருக்கியே இல்லை. "ஒரு வாரம் குடுங்கம்மா. ஆனா ஒண்ணு. பூனை போகாது. யாராவது போயே ஆகணும்னா நான் போறேன். உங்களுக்குச் சத்தமாவது குறையும்."

மாடியம்மா யோசித்தார். "அது நல்ல யோசனையாத்தான் இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி மறுக்காமல் நின்றாள்.

"அடுத்த ஞாயிறு" என்றார் மாடியம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. "நேரா அந்த ரூமுக்குத்தான் வருவேன்."

மறுநாள் ஒரு மாணவர் பயிற்சிக் காரைக் கொண்டுபோய்க் கம்பத்தில் சாத்தியதால் மனைவி சீக்கிரமே வீடு திரும்பினாள். நாற்காலி மெத்தை கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேக்குவம் மெஷின் சின்ன அறையின் வாசலில் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே அறிவிப்பாளர், லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை புத்தம்புது வெள்ளை சாக்ஸோடு, திருடன் மாதிரி நுனிக்காலால் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். மூலை வரை போனார். நின்றார். குனிந்து காலைப் பார்த்தார். டேப்பால் ஒரு ஒத்து. கிண்ணத்தில் ஒரு முக்கு. மேனேஜர் வாசல்படியில் உட்கார்ந்து வேலையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தது.

மனைவி கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"இப்படிப் பூனை மாதிரி நடந்தா வராதுங்க. மாடியம்மா மாதிரி நடக்கணும். மேசைக்கு அடியிலயும்."

அவர் நாற்காலியை நகர்த்திவிட்டு, மேசைக்கடியில் பாதி உடம்பை மடக்கி நுழைத்து, தம், தம், தம் என்று நடந்தார்.